பாட்டி வீட்டுச் சுவர்

திருவல்லிக்கேணியில் ஒன்றரை கிரவுண்டு மனை. அதில் 120 மாணவர்களுக்கு விடுதி. தரைத்தளத்தில் வண்டி நிறுத்த இடம், மேலே நான்கு மாடி. கட்டமைப்புப் பொறியாளராக அந்த மனையைப் பார்க்கப் போன அன்றே என் கண் வடக்குச் சுவரில்தான் நின்றது. எங்கள் எல்லையோடு ஒட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது மரக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்டது. செங்கல், சுண்ணாம்புக் காரை. தோண்டிப் பார்த்ததில் அதன் அஸ்திவாரம் மூன்றடியில் முடிந்திருந்தது. நாங்கள் ஆறரை அடி இறங்க வேண்டும். கீழே வெறும் மணல்.

கட்டடத்துக்குள் வந்த சிக்கல்கள் பேசித் தீர்ந்தன. மெஸ்ஸின் நடுவே தூண் கூடாது என்றார் உரிமையாளர். முதல் மாடியில் மெஸ் வந்தால், மேலே உள்ள அறைகளின் பாரத்தையெல்லாம் பெரிய பீம்கள் தாங்க வேண்டும். கடைசி மாடிக்குக் கொண்டுபோனோம். அங்கே தலைக்கு மேல் கூரை மட்டும்தான். ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாள் தண்ணீரே 16 டன். அந்தத் தொட்டியை மெஸ் மேல் வைக்காமல் படிக்கட்டுப் பக்கம் ஒதுக்கினோம்.

எல்லைதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஓரத்துத் தூணின் ஃபுட்டிங், அதாவது தூணின் பாரத்தை மண்ணில் பரப்பும் காங்கிரீட் அடித்தளம், பக்கத்து மனைக்குள் ஓர் அங்குலம்கூடப் போக முடியாது. அதனால் தூண் ஃபுட்டிங்கின் நடுவில் நிற்காமல் விளிம்பில் நிற்கும்; பாரம் ஒரு பக்கமாக அழுத்தி அதைச் சாய்க்கப் பார்க்கும். அதை உள்பக்கத் தூணின் ஃபுட்டிங்கோடு ஒரு கனமான ஸ்ட்ராப் பீமால் கட்டினோம். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை இறங்கும்போது மறுமுனையில் ஆள் நிற்பதுபோல, உள்தூணின் எடை இதைப் பிடித்துக்கொள்ளும்.

கணக்கு சரி. தோண்டுவதுதான் வேறு விஷயம். மொத்தமாகத் தோண்டினால் அடுத்த வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து மணல் சரிந்து வரும். நாலடி தோண்டு, பக்கத்து நாலடியை விடு, காங்கிரீட் போட்டு இறுகிய பிறகு விட்டதைத் தோண்டு என்று வரைபடத்தில் எழுதியிருந்தேன். அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த விரிசல்கள்மேல் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரையால் ஒட்டி, தேதி எழுதினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

ஒன்பதாம் நாள் காலை அந்த வீட்டுப் பாட்டி வாசலிலேயே நின்றிருந்தார். “தம்பி, சமையக்கட்டுக் கண்ணாடி உடஞ்சிருக்குப்பா.” ஓடிப்போய்ப் பார்த்தால், ரெடிமிக்ஸ் லாரி ராத்திரி மட்டுமே தெருவுக்குள் வரும் என்பதால் ஒரே லோடில் முடித்துவிடலாம் என்று அடுத்தடுத்த மூன்று குழிகளைச் சேர்த்தே தோண்டியிருந்தார்கள். அப்போதே நடுக்குழியை மணல் மூட்டைகளால் நிரப்பினோம். விரிசல் முடியளவு அகன்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாட்டி படுத்துத் தூங்கினார். மேஸ்திரியிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, காரணத்தை உட்கார்ந்து சொல்லாமல் போனது என் தவறு. அதன்பின் ஒவ்வொரு குழிக்கும் நானே நின்றேன், ராத்திரியானாலும்.

விடுதியில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். போன மாதம் போனபோது பாட்டி காபி கொடுத்தார். புதிதாக ஒட்டிய கண்ணாடி முழுசாக இருந்தது.

“எடுத்துடலாமாப்பா?”

“இந்த மழைக்காலம் போகட்டும் பாட்டி.”