பீட்ரூட் சாறும் மவுத்வாஷும்

பிபிக்கு மாத்திரை ஆரம்பிக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று நான் இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் ரத்தக்குழாய் ஆய்வு ஒன்றுக்கு ஆள் தேடுவது தெரிந்து பெயர் கொடுத்தேன். பீட்ரூட் சாறு குடித்தால் ரத்தக்குழாய் கூடுதலாக விரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு வாரம் நிஜச் சாறு, ஒரு வாரம் நைட்ரேட்டை மட்டும் நீக்கிய சாறு, நடுவில் இடைவெளி. எது எப்போது என்று எனக்கும் தெரியாது, அளவெடுப்பவருக்கும் தெரியாது. சிறுநீர் சிவந்தால் அதுதான் நிஜம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு வாரமும் சிவப்புதான்.

முதலில் மூன்று நாள் உணவுக் குறிப்பு. "அளவாகச் சாப்பிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன், ஊட்டச்சத்து நிபுணர் நிமிர்ந்து பார்த்து, "அளவாகன்னா எத்தனை கரண்டி?" என்றார். திரும்ப எழுதினேன்.

சோதனை அன்று வெறும் வயிறு, காபி கிடையாது, உடற்பயிற்சி கிடையாது. படுக்கவைத்து, முழங்கைக்கு மேலே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, கீழே பட்டை கட்டிக் காற்றடித்து 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். மூன்றாவது நிமிடம் விரல்கள் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டன. காற்றை விட்டதும் கை முழுக்கச் சூடு பாய்ந்தது. திரையில் சாம்பல் நிறக் கோடுகள் இரண்டு, நடுவில் கறுப்பு. அந்தக் கறுப்பு எவ்வளவு அகலமாகிறது என்பதுதான் மொத்தச் சோதனையும். சில மில்லிமீட்டர் குழாய், அது விரிவதோ அதில் ஒரு துளி, அதனால் கை அசையவே கூடாது.

ரத்தம் திடீரென்று பாயும்போது குழாயின் உள்சுவர்ச் செல்கள் அந்த உராய்வை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை விடுமாம், அதில்தான் குழாய் தளரும். குழாய் தளர அந்த உள்சுவர் சேதமில்லாமல் இருக்க வேண்டும் என்று 1980-ல் காட்டிய ராபர்ட் ஃபர்ச்காட் உட்பட மூன்று பேருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. உள்சுவர் கெட்டால் முதலில் போவது இந்தத் தளர்ச்சி, கொழுப்புப் படிவதெல்லாம் அப்புறம்தான் என்று விளக்கினார்கள்.

சரி, நான் செய்த வேலைக்கு வருகிறேன். இரண்டாவது வாரம் ஈறு வலித்தது என்று இரண்டு நாள் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தேன். சோதனைக்குப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். சாற்றில் உள்ள நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு எச்சிலுக்குத் திரும்பி வருகிறது, அதை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கின் பின்பக்கம் இருக்கும் பாக்டீரியா, அதிலிருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. நான் அந்தப் பாக்டீரியாவை அல்லவா கழுவித் துப்பியிருக்கிறேன்! கையெழுத்துப் போட்ட படிவத்தின் மூன்றாம் பக்கத்திலேயே இது இருந்தது. படிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தள்ளுபடி. மறுபடி இடைவெளி, மறுபடி ஏழு நாள் சாறு. கடைசி நாள் பட்டையைக் கையில் எடுத்த நர்ஸ், கட்டாமலே நின்றார். "வாய் கொப்பளிச்சீங்களா?"

"வெறும் தண்ணிதான் சிஸ்டர்."