நோயாளியின் நாளிலிருந்து பதிலைத் தொடங்குங்கள்

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு, கொழும்பில் ஓ.டி. என்ற தொழில்வழிச் சிகிச்சை படிக்க வந்திருக்கும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். நான் இந்தப் படிப்புக்குத் தெரிவானபோது வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர் பலர், "ஆட்களுக்குத் தொழில் பழக்கிற படிப்போ?" என்று கேட்டார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்ற பெயர் அப்படித்தான் நினைக்க வைக்கும். இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டும் இல்லை. முகம் கழுவுவது, தலை வாருவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது, பேரப்பிள்ளையோடு விளையாடுவது என்று ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாமே அதில் அடங்கும். இதைப் பரீட்சைக்கு எழுத முதல் நாளே தெரிந்துவிடும். மனதில் பதிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

முதல் வருடத்தில் 'தேநீர் போடுதல்' என்ற செயலைப் பகுத்து எழுதச் சொன்னார்கள். நான் ஏழு படிகளில் முடித்துவிட்டேன். மிஸ் அதைத் திருப்பித் தந்து, வீட்டில் அம்மா தேநீர் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வரச் சொன்னார். பார்த்தால் முப்பதைத் தாண்டியது. தேயிலை டின்னின் மூடியைத் திறக்க ஒரு கை பிடிக்க வேண்டும், மறு கை திருக வேண்டும். தண்ணீர் கொதித்ததை அம்மா சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார். அப்பாவுக்குச் சீனி இல்லை என்பது நினைவில் இருக்க வேண்டும். சூடான கோப்பையை எங்கே பிடிப்பது என்பதும் ஒரு படிதான்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு செயலை எழுதிவந்தேன். திருவலையில் தேங்காய் துருவுவது, சேலை உடுத்துவது, காலி வீதியில் 101 பஸ்ஸில் ஏறி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காசு எடுப்பது என்று. உடற்கூற்றியலில் எத்தனை தரம் பாடமாக்கியும் நிற்காத தசைப் பெயர்கள் அப்போதுதான் நின்றன. நீங்களும் இதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

இத்துறையின் வரலாறு விரைவாக முடியும். 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கான முதல் சங்கம் உருவானது, 1922இல் மனநல மருத்துவர் அடோல்ஃப் மேயரின் கட்டுரை வெளியானது, 1952இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தது. ஒரு மாலை போதும். நேரத்தை வாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உலகக் கூட்டமைப்பின் தரப்படி குறைந்தது 1,000 மணிநேரக் களப்பயிற்சி வேண்டும். படிப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

களப்பயிற்சியில் எனக்குக் கிடைத்தவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓர் அம்மா. பக்கவாதத்தால் வலக்கை பலவீனம். தோள், தசை இறுக்கம், கைப்பிடி எல்லாவற்றையும் அளந்து குறித்தேன். அன்றாடச் செயல்களை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்தல் அளவுகோலில் உண்ணுதலுக்கு 10 போட்டேன். 1965இல் வெளியான அந்த அளவுகோலில் பத்து விடயங்கள், மொத்தம் 100 புள்ளி. உண்ணுதலுக்கு 10 என்றால் முழுப் புள்ளி. இடக்கையில் கரண்டி பிடித்து அவர் யாருடைய உதவியும் இல்லாமல் சாப்பிட்டார் என்பதால் புள்ளியில் பிழை இல்லை.

வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் கேட்டது ஒரே கேள்வி: "அவர் யாரோடு இருந்து சாப்பிடுவார்?" எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் போய்க் கேட்டேன். "பேரப்பிள்ளைகள் முன்னால எப்பிடி இடக்கையால சாப்பிடுறது பிள்ளை? அறைக்குள்ள போயிருந்து சாப்பிடுறன்" என்றார்.

அந்த அளவுகோலில் உதவி தேவைப்படும் இடங்களாகச் சொல்லப்படுவது உணவை வெட்டுவதும் வெண்ணெய் பூசுவதும். சோற்றைக் குழைத்துக் கவளமாக்குவது அதில் இல்லை. அதற்குப் பெருவிரல் மற்ற விரல்களைச் சந்திக்க வேண்டும், முன்கை திரும்ப வேண்டும், விரல்நுனிக்குச் சூடு தெரிய வேண்டும்.

விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று பேச்சுச் சிகிச்சையாளர் உறுதிசெய்திருந்தார். எனவே வலக்கையால் சாப்பிடப் பழக்கத் தொடங்கினோம். முதலில் பாற்சோற்றுத் துண்டு, ஏனென்றால் அது உதிராது. அப்புறம் பருப்போடு குழைத்த சோறு, பிறகு இடியப்பமும் சொதியும், கடைசியாகப் பிட்டு. முழங்கை மேசையில் ஊன்றியிருக்கும். உணர்ச்சி குறைந்த கை என்பதால் சூட்டை முதலில் இடக்கையால் பார்க்கச் சொன்னோம். செயலைப் படிப்படியாகக் கடினமாக்குவதைப் பற்றிய கேள்விக்கு இன்றைக்கும் நான் எழுதக்கூடிய மிகச் சிறந்த பதில் இதுதான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரிவுரை ஆங்கிலத்தில், நோயாளிகளில் அநேகமானோர் சிங்களத்தில். தமிழ்மொழி மூலம் படித்து வந்தவர்களுக்கு இது பெரிய சுமை. நான் முதலில் பழகியது 'அத்த உஸ்ஸன்ன' போன்ற கட்டளைகளைத்தான். கையை உயர்த்தச் சொல்ல அது போதும். ஆனால் நீங்கள் 'உதே நெகிட்டம மொகத கரன்னே?' என்பதை முதலில் பழகுங்கள். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். விளங்காத சொல்லைத் திருப்பிக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

பரீட்சையில் அநேகமாகப் புள்ளி போவது நோயாளிக்கான சிகிச்சை இலக்கு எழுதும் இடத்தில். 'வலக்கையின் வலுவைக் கூட்டுதல்' என்று எழுதினால் யாருக்கும் பொருந்தும், அதனால் புள்ளி குறையும். யார், என்ன செயல், எங்கே, எவ்வளவு உதவியோடு, எத்தனை நாளில் என்பது வர வேண்டும். அந்த அம்மாவுக்கு நான் முதலில் எழுதியது: 'நான்கு வாரத்தில், வீட்டு மேசையில் குடும்பத்தோடு இருந்து, மதியச் சோற்றில் பாதியை வலக்கையால் தானே சாப்பிடுவார்.' அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்டு போடுங்கோ பிள்ளை, அண்டைக்குத்தான் எல்லாரும் வீட்டில" என்றார். அதையும் சேர்த்து எழுதினேன்.