திரையா, கரும்பலகையா?

எங்கள் ஊர் அரசுப் பள்ளி மாணவர்கள் “கற்பித்தலில் சிறந்தது தொழில்நுட்பமா, மரபுவழி வகுப்பறையா?” என்று நடத்திய பட்டிமன்றத்தில், தொழில்நுட்ப அணியினர் பாடநூல்களில் அச்சாகிவரும் கியூஆர் குறியீட்டையும் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியையும் எடுத்துக்காட்டி வலுவாகவே பேசினர். இதயத்தின் நான்கு அறைகள் வழியே இரத்தம் ஓடுவதை அசைபடமாகப் பார்ப்பதற்குக் கரும்பலகைப் படம் ஈடாகாது என்ற மாணவியின் வாதத்தை மறுக்க எவராலும் முடியவில்லை.

எதிரணி மாணவனோ கொரோனா காலத்தைக் கையில் எடுத்தான். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பதையும், வாட்ஸ்அப்பில் குவிந்துகிடந்த பாடங்களை அக்காவும் தானும் இரவில் முறைவைத்துப் பார்த்ததையும் சொல்லிவிட்டு, அந்தக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தன்னார்வலர்களைத்தானே தெருத்தெருவாக அனுப்பியது என்று அவன் கேட்டபோது அரங்கம் அதிர்ந்தது.

நடுவர் வழக்கம்போல இரண்டும் வேண்டும் என்றார். பட்டிமன்ற நடுவர்களுக்கு வேறு தீர்ப்பு வராது போலும். என் வாக்கு அந்த மாணவனின் அணிக்கே. வகுத்தல் கணக்கில் எந்த வரியில் பிள்ளை தடுமாறுகிறது என்பதை அருகில் நிற்கும் ஆசிரியர் அதன் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்கிறார். பதிவுசெய்யப்பட்ட காணொளியோ அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது.