அம்மாவின் ஓரப்பார்வை

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கும்போது பக்கத்தால் வந்த ஓட்டோவை அம்மா காணவே இல்லை. கண்ணாடி மாற்றினோம், சரிவரவில்லை. எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது: மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள கபச்சுரப்பியில் ஒரு கட்டி. அதை ஒட்டியே, மூளையுறையில் கிளம்பிய மெனிஞ்சியோமா என்ற வேறொரு கட்டி. இனம் வேறு, இடம் ஒன்று. மிக அரிதாம்.

அந்தச் சுரப்பிக்கு மேலேதான் இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கின்றன. அங்கே நசுங்கினால் நேரே உள்ளது தெரியும், இரு ஓரங்களும் மறையும். உங்கள் வீட்டில் யாராவது கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டே இருந்தால், வயது என்று விட்டுவிடாதீர்கள். பக்கப்பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கபச்சுரப்பிக் கட்டியை மூக்கு வழியாகவே எடுக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார். வியாழக்கிழமை சத்திரசிகிச்சை.