சேர்வராயன் மலையில ஒரு ஞாயித்துக்கிழமை

ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ளயே எங்க ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசறது) குரூப்புல கடைக்குட்டிப் பையனுக்கு வாந்தி வந்துருச்சு, பாவம். சேர்வராயன் கோயில்கிட்ட நின்னு ஸ்டீல் இஞ்ச் டேப்ப வெட்டிச் செஞ்ச யாகி ஆன்டெனாவ (ஒரே திசையில சிக்னலக் குவிக்கறது) ஒருத்தர் தூக்கிப் பிடிக்க, 5 வாட் கைசெட்டுல 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கூப்பிட்டேன். இந்த 2 மீட்டர் பேண்டு (அலைநீளம் சுமார் 2 மீட்டர்ங்கறதால அந்தப் பேரு) அலை பெரும்பாலும் நேர்கோட்டுலதான் போகும், அதான் சேலத்துல எங்க வீட்டு ஹால்ல இருந்து கூப்பிட்டா நாலு தெரு தாண்டாது, இங்க 5,000 அடிக்கு மேல நின்னதால ஈரோட்டுல இருந்து ஒரு அண்ணன் "அஞ்சு ஒம்பது, சூப்பரா கேக்குது தம்பி"ன்னாரு! (அஞ்சு தெளிவுக்கு, ஒம்பது சிக்னல் பலத்துக்கு, ரெண்டுமே முழு மார்க்கு.) பையன் இன்னும் லைசென்ஸ் பரீட்சை எழுதல, அதனால பேச விடல, மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டான். மோர்ஸ் (புள்ளி-கோடு தந்தி மொழி) பரீட்சை வேண்டாம்னா ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு லைசென்ஸ் போதும்டான்னேன். அப்புறம் மழை, ஓடிப்போய் சூடா மொளகா பஜ்ஜி.