சைபர் வேறு, கோடு வேறு

குன்னூரில் வீட்டிலிருந்தே வேலை. பழைய அறிக்கைகளைப் புரட்டி, கடலில் கோழை, அதாவது சளி போன்ற பிசின், படர்ந்த ஆண்டுகளை எக்செல்லில் ஏற்றித் தர வேண்டும். நான் கடலைப் பார்த்ததே இரண்டு முறைதான், அதுவும் மெரினாவில்.

பெயருக்கேற்ற கோழைதான் அது. வெயில் ஏறி, காற்றும் அலையும் அடங்கிக் கிடக்கும் நாட்களில் நுண்பாசிகள் மாவுச்சத்துப் போன்ற பிசினைக் கக்குகின்றன. தண்ணீரில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சி மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் இன்னும் கூடுதலாக. தேயிலைக்கு உரம் போடுகிற ஊர்க்காரனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது. பிசின் திரண்டு மிதக்கும், வலையை அடைக்கும், அடியில் படிந்து அங்குள்ள உயிர்களை மூடிவிடும். துருக்கிக்காரர்கள் இதைக் கடல் எச்சில் என்கிறார்கள்.

இத்தாலிக்குக் கிழக்கே இருக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கான பட்டியல் 1729-இல் தொடங்கியது. அடுத்தது 1872, பிறகு 1880, 1891. பட்டியலில் இல்லாத எல்லா ஆண்டுக்கும் 0 போட்டு, சராசரி இடைவெளி கண்டு, வரைபடமும் போட்டு அனுப்பினேன்.

வேலையில் எனக்கு மேலே இருக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, நடுவுல 143 வருஷம் ஒண்ணுமே வரலையா, இல்ல யாரும் எழுதலையா?"

என்னிடம் பதில் இல்லை. அப்பாவிடம் இருந்தது. எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவார், காய்ந்து கிடக்கும் பிப்ரவரியிலும். "மழை இல்லன்னா சைபர் போடணும். அளக்கலன்னா கோடு போடணும். ரெண்டும் ஒண்ணாடா?"

வலை சுத்தமாக வந்த நாளை எந்த மீனவர் எழுதி வைப்பார்? போர் ஆண்டுகளில் எத்தனை பேர் வலை போடப் போயிருப்பார்கள்? ஆக, என் சராசரியில் பாதி கடலின் கணக்கு, பாதி பார்த்தவர்களின் கணக்கு.

ஒழுங்காகப் பதிவான காலத்திலும் சராசரி உதவவில்லை. 1988, 1989, 1991, அப்புறம் 1997 என்று கொத்தாக வருகிறது. துருக்கியின் மர்மரா கடலில் பெரிதாகப் பேசப்பட்டவை 2007-உம் 2021-உம். இருப்பது ஒரே இடைவெளி. அதை வைத்துப் '14 ஆண்டுச் சுழற்சி' என்று எழுதியிருந்தேன். சத்தமில்லாமல் அழித்தேன்.

திருத்திய தாளை அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"என்னடா, முழுக்கக் கோடாவே இருக்கு?"