முதல் ரவுட்டர்: வாட்டைக் கேட்கும் முன் காலெட்டைக் கேளுங்கள்

மரத்தில் நீளப் பள்ளம் (காடி) வெட்டவும் ஓரம் சீவவும் பயன்படும் ரவுட்டர் மெஷினை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது காலெட் சைஸ். பிட் எனப்படும் வெட்டும் அலகின் காம்பைப் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்னக் கவ்விதான், என்னென்ன பிட் வாங்கலாம், எவ்வளவு ஆழம் வெட்டலாம், வெட்டு சுத்தமாக வருமா அலையடித்து வருமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. மோட்டார் அப்புறம்தான்.

நம் ஊர்க் கடைகளில் 6 மி.மீ., 8 மி.மீ., 12 மி.மீ., கால் இஞ்ச் எனப்படும் 6.35 மி.மீ., அரை இஞ்ச் எனப்படும் 12.7 மி.மீ. என்று எல்லா அளவும் கலந்து கிடக்கும். தொல்லை 6-க்கும் 6.35-க்கும் நடுவில். இரண்டையும் "கால் இஞ்ச்" என்றே சொல்லி விற்பவர்கள் உண்டு. 6.35 காம்பு 6 மி.மீ. காலெட்டில் நுழையாது, அது பரவாயில்லை, அங்கேயே தெரிந்துவிடும். ஆபத்து எதிர்ப்பக்கம். 6 மி.மீ. காம்பை 6.35 காலெட்டில் போட்டு முறுக்கினால் பிடித்த மாதிரியே இருக்கும். ஓடத் தொடங்கியதும் மெல்ல நழுவும். 5 மி.மீ. ஆழத்துக்கு வைத்த காடி மறுமுனையில் 8 மி.மீ. ஆகியிருக்கும், இன்னும் மோசமானால் பிட்டே பறக்கும். 12-க்கும் 12.7-க்கும் இதே கதைதான். அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் வெர்னியர் அளவுகோலால் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

காம்பு தடிமனாக இருந்தால் என்ன லாபம்? வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் நான்காம் படியில் கூடுகிறது. அரை இஞ்ச் காம்பு, கால் இஞ்ச் காம்பைவிட 16 மடங்கு விறைப்பு. 8 மி.மீ. காம்புகூட 6 மி.மீ. காம்பைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேல். நீளமான ஸ்ட்ரெய்ட் பிட்டை மெல்லிய காம்பில் போட்டு ஆழமாக வெட்டினால், காடியின் சுவரில் சின்னச் சின்ன வரிகள் விழுவதற்குக் காரணம் இந்த வளைவுதான்.

மெஷின்கள் மூன்று வகை. முதலாவது டிரிம்மர். மைக்கா ஓரம் சீவுவதற்குக் கார்பென்டர்கள் ஒரு கையில் பிடித்து ஓட்டுவார்களே, அது. மகிட்டா 3709 என்றால் 530 வாட், 30,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று); பாஷ் ஜி.கே.எஃப் 550 என்றால் 550 வாட், 33,000 ஆர்.பி.எம். இரண்டிலும் வேகத்தைக் குறைக்க வழியில்லை. மகிட்டா ஆர்.டி.0700சி-யில் 710 வாட், 10,000 முதல் 30,000 வரை வேகம் மாற்றலாம். இரண்டாவது நடுத்தர பிளஞ்ச் ரவுட்டர். பாஷ் ஜி.ஓ.எஃப் 130 இந்த ரகம்: 1300 வாட், 11,000 முதல் 28,000 ஆர்.பி.எம்., 8 மி.மீ. வரை காம்பு. இரண்டு கைப்பிடி, ஸ்பிரிங் மேல் அழுத்தி மரத்துக்குள் இறக்கலாம். மூன்றாவது அரை இஞ்ச் காலெட் கொண்ட பெரியது. மகிட்டா ஆர்.பி.2301எஃப்.சி 2100 வாட், எடை 6 கிலோ சொச்சம்.

வீட்டு வேலைக்கு முதல் மெஷினாகப் பெரியதை வாங்காதீர்கள். அதன் சக்தி தேவைப்படுவது கதவுச் சட்டங்களில் மோல்டிங் எடுக்கும்போதும், மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி ஓட்டும்போதும்தான். 18 மி.மீ. பிளைவுட் பலகையின் ஓரத்தில் 6 கிலோ மெஷினைச் சாயாமல் பிடிப்பது புதியவருக்குப் பெரும்பாடு. மெஷினின் அடித்தட்டான பேஸ் பிளேட்டில் பாதிக்கு மேல் காற்றில் தொங்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

அடுக்ககத்தில் இருந்துகொண்டு ஷெல்ஃப், ஷூ ரேக், படச்சட்டம், பலகை ஓரத்தை உருட்டுவது, மைக்கா ஒட்டுவது என்று போகிறவருக்கு வேகம் மாற்றக்கூடிய டிரிம்மர் போதும். அதிலும் பிளஞ்ச் பேஸ் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். ஆர்.டி.0700சி-க்கு அப்படிக் கிடைக்கிறது, 6 மி.மீ., 8 மி.மீ. காலெட்டுகளும் உண்டு. கதவில் பூட்டுக்குக் குழி எடுப்பது, தேக்குச் சட்டத்தில் துளைப்பூட்டு (ஒன்றின் நாக்கு மற்றொன்றின் துளையில் நுழையும் இணைப்பு) போடுவது, பக்கப் பலகையில் தட்டுக்குக் காடி வெட்டுவது இதுதான் முக்கிய வேலை என்றால் நேராக 1300 வாட் பிளஞ்சுக்குப் போய்விடலாம். டிரிம்மராலும் காடி வெட்டலாம், 9 மி.மீ. ஆழத்தை மூன்று நான்கு ஓட்டமாக வெட்ட வேண்டும், அவ்வளவுதான். வேகம் மாற்ற முடியாத டிரிம்மர், மைக்காவும் சின்ன ஓர வேலையும் மட்டும் செய்வேன் என்பவருக்குக் குறையில்லை.

டிரில் மெஷினில் ரவுட்டர் பிட்டை மாட்டி ஓட்டிவிடலாம் என்ற யோசனை நிறைய பேருக்கு வருகிறது. வேண்டாம். டிரில் சுற்றுவது அதிகபட்சம் 3,000 ஆர்.பி.எம். பக்கம். பிட் சீவாமல் பிய்க்கும். டிரில்லில் பிட்டைக் கவ்வும் சக்கும் அதன் பேரிங்கும் நேராக அழுத்தும் பாரத்துக்குச் செய்தவை. பக்கவாட்டு இழுப்பில் சக் தளர்ந்து கழன்றுவிடும்.

மின்சாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 1300 வாட் என்றால் சுமார் 5.7 ஆம்பியர். நம் வீடுகளின் சாதாரண சின்ன சாக்கெட் 6 ஆம்பியர், விளிம்பில்தான் ஓடுகிறது. 2100 வாட் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கு ஃபிரிட்ஜ், கீஸர் மாட்டும் 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி என்றால் 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், சுருட்டி வைக்காமல் முழுக்க விரித்து. மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் திணறிச் சூடேறும்.

கடையில் மெஷினைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது சில விஷயங்கள். மின்சாரம் இல்லாமல், காலெட் பொருந்தியிருக்கும் அச்சான ஸ்பிண்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் வேறு பீஸ் கேளுங்கள். பிளஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள், பிறகு ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். ஒரு பக்கம் அழுத்தும்போது கொஞ்சம் பிடிப்பது சகஜம். சிக்கி நின்றால் பிளஞ்ச் ஏறி இறங்கும் இரண்டு கம்பிகளும் இணையாக இல்லை. ஆழத்தைப் பூட்டும் லீவரைப் போட்டுவிட்டு அழுத்தினால் அசையக் கூடாது. பேஸ் பிளேட் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் பலகை ஓரத்தைத் தொட்டபடி நேராக ஓட்ட உதவும் பேரலல் கைடு, அச்சுப் பலகையான டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தொட்டபடி ஓட்ட உதவும் கைடு புஷ் வளையம், ஸ்பேனர் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பேரலல் கைடு இல்லாத ரவுட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனால் முதல் நேர்க்கோட்டுக்கே சட்டமும் கிளாம்ப்பும் தேட வேண்டும். மெல்ல வேகமெடுக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால் நல்லது. அது இல்லாத மெஷின் சுவிட்ச் போட்டதும் கையை முறுக்கும்.

வேகம் மாற்றும் வசதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பிட்டின் விட்டம் கூடும்போது அதன் விளிம்பின் வேகமும் கூடுகிறது. 50 மி.மீ. பிட்டை 30,000 ஆர்.பி.எம்.-ல் சுற்றினால் விளிம்பு மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டும். 25 மி.மீ. விட்டம் வரை 22,000 முதல் 24,000. 25-லிருந்து 50 வரை 18,000. அதற்கு மேல் 16,000-க்குக் கீழே என்பது பொதுவான கணக்கு. பிட் பாக்கெட்டில் அதிகபட்ச வேகம் போட்டிருந்தால் அதுவே கடைசி வார்த்தை. டிரிம்மரில் 25 மி.மீ.-க்கு மேல் விட்டமுள்ள பிட்டை மாட்டவே வேண்டாம்.

மொத்தப் பணத்தையும் மெஷினில் போட்டுவிட்டு பிட்டுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். மூன்றில் ஒரு பங்கை பிட்டுக்கும் கிளாம்ப்புக்கும் ஒதுக்குங்கள். 12, 15 பீஸ் செட்டில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். தனித்தனியாக நாலைந்து வாங்கினால் போதும்: 6 மி.மீ. ஸ்ட்ரெய்ட், 12 மி.மீ. ஸ்ட்ரெய்ட், ஓரத்தைச் சமமாகச் சீவ நுனியில் பேரிங் உள்ள ஃப்ளஷ் டிரிம், ஓரத்தை உருட்ட 6 மி.மீ. ஆரமுள்ள ரவுண்ட் ஓவர், ஓரத்தைச் சாய்வாக வெட்ட 45 டிகிரி சாம்ஃபர். எல்லாம் கார்பைடு முனை. சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டைப் பிளைவுட்டின் பசை அடுக்குகள் சீக்கிரமே மழுக்கிவிடும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் அதிலும் இதே பாடு.

18 மி.மீ. காடிக்கு 18 மி.மீ. பிட் வாங்க வேண்டாமா? வேண்டாம். 18 என்று விற்கும் பிளைவுட்டை அளந்தால் 17.5-ம் இருக்கும், அதற்குக் குறைவாகவும் இருக்கும். 12 மி.மீ. பிட்டால் ஒருமுறை ஓட்டி, கைடை நகர்த்தி இன்னொருமுறை ஓட்டினால் கையில் இருக்கும் பலகைக்குச் சரியாகப் பொருந்தும் காடி கிடைக்கும். டெம்ப்ளேட் வைத்து வெட்டும்போது கைடு புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். 17 மி.மீ. புஷ், 8 மி.மீ. பிட் என்றால் 4.5 மி.மீ. டெம்ப்ளேட்டின் துளையை ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும்.

பிட் மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்ச் அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். காம்பை அடிவரை நுழைத்து, 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்துப் பிறகு முறுக்குங்கள். முறுக்கும்போது காலெட் காம்பையும் சேர்த்துக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் பிடி சரியாக விழாது. பிட் இல்லாத வெறும் காலெட்டை ஒருபோதும் முறுக்காதீர்கள், சுருங்கிப் போய்விடும்.

திசைதான் புதியவர்களை மாட்டிவிடுவது. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத் திசையில் சுற்றும். பலகை உங்கள் எதிரில், அருகில் இருக்கும் ஓரத்தை வெட்டுகிறீர்கள் என்றால் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். பலகையைச் சுற்றி வெளி ஓரம் முழுக்க என்றால் கடிகாரத்துக்கு எதிர்த் திசை; சட்டத்தின் உள் ஓரம் என்றால் கடிகாரத் திசை. மாற்றி ஓட்டினால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு சக்கரம்போல ஓடப் பார்க்கும், மெஷின் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். திடமரத்தில் முதலில் ரேகைக்குக் குறுக்கான முனைகளை வெட்டுங்கள், நீள ஓரங்களை அப்புறம். முனையின் கடைசியில் மரம் சிதறினாலும் அடுத்த ஓட்டத்தில் அந்தச் சிதறல் சீவுண்டு போகும்.

ஓர் ஓட்டத்தில் பிட்டின் விட்டத்தில் பாதி ஆழத்துக்கு மேல் இறக்காதீர்கள். டிரிம்மர் என்றால் 3 மி.மீ. போதும். மரம் கருகினால் பெரும்பாலும் பிட் மழுங்கியிருக்கும், அல்லது பயந்துபோய் மிக மெதுவாகத் தள்ளியிருப்பீர்கள், மூலையில் நின்றிருப்பீர்கள். மைக்காவில் கருப்புக் கோடு விழுந்தால் பேரிங்கைப் பாருங்கள். பசை ஏறி இறுகிப்போன பேரிங், பிட்டோடு சேர்ந்து சுற்றித் தேய்க்கும். மைக்கா முகத்தில் மெலிதாக வாசலின் தடவிவிட்டு ஓட்டினால் பசை ஒட்டாது, கோடும் விழாது. பேரிங்கைத் தின்னரில் ஊறப்போடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். துணியால் துடைத்தால் போதும்.

கண்ணாடி, காது அடைப்பான், என்95 மாஸ்க். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் தூள் இன்னும் நுண்ணியது, பிசினும் கலந்தது. பால்கனியில் வெட்டினாலும் வேக்குவம் குழாயை மாட்டும் வாய் மெஷினில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கையுறை மட்டும் வேண்டாம், சுற்றும் பிட்டில் சிக்கும்.

அதே கடையில் அந்த மாடலின் மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் ஒரு ஜோடியும், உபரியாக ஒரு காலெட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். அவை எங்கேயும் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடலாம்.